ராயபுரம் பட்டறையின் எகிப்துப் புடைப்புப் பலகைகள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

ராயபுரம் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கும் பிளாஸ்டர் வார்ப்புப் பட்டறை இது. கார்னிஸ், சீலிங் பூ, சர்ச் சுரூபம், சீசன் வந்தால் கொலு பொம்மை என்று ஓடும் இடம். இப்போது பழைய எகிப்தின் கல்லறைச் சுவர்களில் இருக்கும் தொழில் காட்சிகளைப் பலகைகளாக வார்த்து விற்கிறார்கள். மொத்தம் ஐந்து: படகு கட்டுவது, வலை இழுப்பது, உலோகம் உருக்குவது, ரொட்டி சுடுவது, கடைசியாகப் புடைப்புச் சிற்பத்தைப் படிப்படியாகச் செதுக்கிக் காட்டும் ஒரு நீளப் பலகை. முதல் நான்கும் 60 × 40 செ.மீ. பிளாஸ்டரில் 3,200 ரூபாய், ஜிஆர்சியில் (கண்ணாடி இழை கலந்த கான்கிரீட்) 4,600, மஞ்சள் சுண்ணாம்புக்கல்லில் சிஎன்சி ரவுட்டரால் (கணினி ஓட்டும் வெட்டு இயந்திரம்) வெட்டியது 11,500.

வலைப் பலகையும் படகுப் பலகையும் கொடுக்கும் காசுக்குத் தகும். உலோகப் பலகையை ஒரு திருத்தம் சொல்லிச் செய்து வாங்கலாம். ரொட்டிப் பலகையைத் தொடவே வேண்டாம்.

இந்தக் காட்சிகளின் மூலம் பெரும்பாலும் எகிப்தில் சக்காரா என்ற பழைய இடுகாட்டில் இருக்கிறது. ஐந்தாம், ஆறாம் வம்ச காலத்து அதிகாரிகளின் கல்லறைகள், அதாவது ஏறக்குறைய 4,300 ஆண்டுகளுக்கு முந்தையவை. 'தி' என்ற அதிகாரி, அமைச்சர் மெரெருக்கா, ப்தாஹோதெப் ஆகியோரின் கல்லறைகள்தான் தொழில் காட்சிகளுக்குப் பேர்போனவை. அந்தச் சுவர்களில் தச்சன் கையில் வாச்சி எந்தச் சாய்வில் இருக்கிறது, வலையின் எந்தக் கயிற்றில் மிதவை, எதில் குண்டு, அடுப்பில் எது முதலில் ஏறுகிறது என்பதெல்லாம் சரியாக இருக்கும். செதுக்கியவர்களுக்கு அந்த வேலைகள் தெரிந்திருந்தன. அதனால் இதன் நகலை வாங்கும்போது 'லுக்' எப்படி என்று பார்ப்பதைவிட, அந்தப் பலகையில் இருக்கிற ஆள் செய்கிற வேலை நடக்குமா நடக்காதா என்று பார்க்க வேண்டும். பட்டறை தப்பு செய்த எல்லா இடத்திலும் காரணம் ஒன்றுதான்: வேலையை விட்டுவிட்டு அலங்காரத்தைச் சரிசெய்யப் போயிருக்கிறார்கள்.

வலைப் பலகையிலிருந்து தொடங்கலாம். ஐந்திலும் சிறந்தது இது. மேல் வரிசையில் இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுக்கிறார்கள். சிலர் தோளில் மாட்டிய பட்டையைக் கயிற்றோடு கோத்து உடல் எடையால் இழுக்கிறார்கள். கீழே வளைந்து கிடக்கும் வலை, மேல் கயிற்றில் முக்கோண மிதவைகள், கீழ்க் கயிற்றில் குண்டுகள். காசிமேட்டிலோ எண்ணூரிலோ கரைவலை பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. மிதவையும் குண்டும் இடம் மாறினால் வலை நிற்காது, அதைச் சரியாகவே வைத்திருக்கிறார்கள்.

மீன்கள்தான் உண்மையான சோதனை. எகிப்தியச் செதுக்கர்கள் மீனை மீன் என்று பொதுவாகப் போட மாட்டார்கள், இனம் தெரியும்படி போடுவார்கள். நம் ஊரில் ஜிலேபி என்று விற்கும் திலாப்பியாவுக்கு முதுகில் ஒரே நீளத் துடுப்பு. மடவைக்கு இரண்டு தனித்தனி முதுகுத் துடுப்பு. கெளுத்திக்கு மீசை. கொடுவாவின் உறவான நைல் பெர்ச்சுக்குப் பெரிய வாயும் வட்ட வாலும். தும்பிக்கைபோல மூக்கு கீழே வளைந்த மோர்மிரஸ் ஒன்று வரும். உப்பிய வயிற்றோடு பேத்தை மீனும் வரும், நைலில் நன்னீர்ப் பேத்தை உண்டு. இந்தப் பலகையில் ஆறும் பிரித்துச் சொல்லும்படி இருக்கின்றன. பழவேற்காட்டு மடவையைச் சந்தையில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த இரட்டைத் துடுப்பு உடனே பிடிபடும்.

இதில் ஒரு இடத்தில் மட்டும் ஏமாறக்கூடாது. சைனோடோன்டிஸ் என்ற கெளுத்தி வகை மீனில் ஓர் இனம் வயிற்றை மேலே வைத்துத் தலைகீழாக நீந்தும். எகிப்தியர்கள் அதைத் தலைகீழாகவே செதுக்கினார்கள். பட்டறையில் ஒரு தொகுதியில் யாரோ இதைத் தவறு என்று நினைத்து நிமிர்த்தி வைத்து அச்சு எடுத்திருக்கிறார்கள். இரண்டு அச்சும் இப்போது புழக்கத்தில் இருக்கின்றன. வாங்கும்போது வலையின் வலது மூலையைப் பாருங்கள். எல்லா மீனும் ஒழுங்காக நிமிர்ந்து இருந்தால் அது 'திருத்திய' அச்சு, அதை வாங்காதீர்கள்.

வலைக் கண்ணிகளின் கோடு ஒரு மில்லிமீட்டருக்கும் கீழ். பிளாஸ்டரில் குமிழி விழுந்தால் முதலில் அடிபடுவது இந்த இடம்தான். பிளாஸ்டரைத் தண்ணீரில் தூவி, ஊறவிட்டு, மெதுவாகக் கலக்க வேண்டும். வேகமாக அடித்தால் காற்று உள்ளே போய்விடும். எடையில் 100 பங்கு பிளாஸ்டருக்கு 60 முதல் 70 பங்கு தண்ணீர், அதற்கு மேல் போனால் வார்ப்பு சுண்ணாம்புபோல உதிரும். முதல் கை மெல்லிய கலவையைப் பிரஷ்ஷால் அச்சின் மேல் தடவிவிட்டு, அதன்பிறகு மொத்தக் கலவையை ஊற்றி மேசையைத் தட்டினால் குமிழி மேலே வந்துவிடும். இந்தப் பட்டறை முதல் கை தடவுகிறது, ஆனால் அவசர ஆர்டரில் தடவாமல் ஊற்றுகிறார்கள். நகத்தால் கண்ணிகளின் மேல் லேசாக வருடிப் பார்த்தால் குண்டூசித் தலை அளவு குழிகள் தட்டுப்படும். நாலைந்துக்கு மேல் இருந்தால் வேறு பலகை கேளுங்கள். மறுக்காமல் மாற்றித் தருகிறார்கள்.

படகுப் பலகை 'தி'யின் கல்லறையில் இருக்கும் காட்சியை ஒட்டியது. கோடாரியால் மரத்தைச் சீவுவது, வாச்சியால் பக்கத்தை இழைப்பது, உளியையும் கொட்டாப்புளியையும் வைத்துத் துளை போடுவது, மேலே ஒரு நீளப் பலகையை வைத்து அடித்து இறக்குவது என்று ஒரே பலகையில் நாலு வேலை நடக்கிறது. அறுப்பவர் மரத்தை நட்ட கம்பத்தில் செங்குத்தாகக் கட்டி மேலிருந்து கீழே அறுக்கிறார். எகிப்திய ரம்பம் இழுக்கும்போது அறுக்கும் வகை, செம்புத் தகடு மெல்லியது, தள்ளினால் மடங்கிவிடும். எனவே ரம்பம் பிடித்தவரின் உடம்பு பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். பலகையில் அப்படித்தான் இருக்கிறது. முன்னால் குனிய வைத்திருந்தால் மொத்தமும் கெட்டிருக்கும்.

எகிப்தியப் படகுக்கு அடிக்கட்டை கிடையாது. படகின் வெளிக்கூட்டை முதலில் கட்டி, பலகையோடு பலகையைத் துளையும் முளையுமாகக் கோத்து, கயிற்றால் தைத்து இறுக்குவார்கள். உள்ளே வைக்கும் குறுக்குக் கட்டைகள் பிறகுதான். 1954-ல் கிசாவில் கண்டெடுத்த குஃபு மன்னரின் 43 மீட்டர் நீளப் படகும் கயிற்றால் தைத்ததுதான். மெட்ராஸ் கரையில் கப்பலுக்கும் தரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய மசூலா படகும் தேங்காய் நார்க் கயிற்றில் தைத்தது, அலை அடிக்கும்போது பலகைகள் கொஞ்சம் நெகிழ வேண்டும் என்பதற்காக. எனவே வாங்குபவர் பார்க்க வேண்டியது இது: வெளிக்கூட்டின் பக்கம் மூடி இருக்க வேண்டும், விலா எலும்புபோலக் கட்டைகள் வெளியே தெரியக்கூடாது. இந்தப் பலகையில் தெரியவில்லை. பட்டறைக்காரர்களுக்குப் படகு கட்டுவதில் பழக்கம் இருக்கிறது என்பது இங்கேதான் புரிகிறது. எந்தச் சந்தில் வேலை செய்கிறார்கள் என்று பார்த்தால் அதில் வியப்பும் இல்லை.

உருவ அளவும் சரி. இந்தக் கல்லறைகள் எழுந்த பழைய அரசு காலத்தில் செதுக்கர்கள் பிற்காலம்போல முழுக் கட்டம் போடவில்லை. பாதத்திலிருந்து நெற்றி முடிக்கோடு வரை உயரத்தைக் குறுக்குக் கோடுகளால் பிரித்தார்கள்: மூன்றில் ஒரு பங்கில் முழங்கால், பாதியில் பிட்டத்தின் கீழ் விளிம்பு, மூன்றில் இரண்டு பங்கில் முழங்கை. பலகையில் நிற்கும் மேற்பார்வையாளரை அளந்தால் முடிக்கோடு 162 மி.மீ., முழங்கால் 54, பிட்டம் 81, முழங்கை 108. அப்படியே பொருந்துகிறது. அதே ஸ்கேலை ரொட்டிப் பலகையில் வைத்தால் 150 மி.மீ. ஆளுக்கு முழங்கை 93-ல் நிற்கிறது, 100-ல் நிற்க வேண்டியது. கை நீண்டு தொங்குவதுபோல் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

ரொட்டிப் பலகையின் குறை அதோடு முடியவில்லை. எகிப்திய ரொட்டி தடித்த கூம்பு வடிவ மண் அச்சில் செய்வது. முதலில் காலி அச்சுகளை வாய் தீயைப் பார்க்கும்படி அடுக்கி உட்புறத்தைச் சூடாக்குவார்கள். அடுப்பின் முன்னால் இருக்கும் பெண் ஒரு கையால் தீயைக் கிளறி, மறுகையால் முகத்தை மறைத்துக்கொள்வாள். சூடேறிய அச்சை எடுத்து நிமிர்த்தி, மாவை ஊற்றி, இன்னொரு அச்சால் மூடி வைப்பார்கள். ரொட்டியை வேகவைப்பது அச்சில் ஏறிய சூடு. அதற்குத்தான் அவ்வளவு கனமான சுவர். குளிர்ந்த அச்சில் மாவை ஊற்றித் தீயில் வைத்தால் வெளியே கருகும், நடுவில் மாவாகவே இருக்கும், அச்சிலும் ஒட்டும். பலகையில் நடப்பது அந்தத் தப்பேதான்: மாவு நிரம்பி வழியும் அச்சுகள் தீயின் மேல் நிமிர்ந்து நிற்கின்றன. பார்க்க இட்லிப் பானை வைத்ததுபோல இருக்கிறது. முகத்தை மறைக்கும் கையையும் எடுத்துவிட்டு அந்தப் பெண்ணின் கையில் ஒரு கரண்டி கொடுத்திருக்கிறார்கள்.

மேலே இருக்கும் எழுத்துகளும் போலி. மற்ற பலகைகளில் வேலையாட்களின் பேச்சும் வேலையின் பெயரும் தலைக்கு மேல் சித்திர எழுத்தில் இருக்கும், மூலத்தைப் பார்த்து எடுத்தவை. இதில் ஆந்தை, அலைக்கோடு, ரொட்டி மூன்றையும் மாற்றி மாற்றி அச்சடித்து இடத்தை நிரப்பியிருக்கிறார்கள். அவை எழுத்துதான், ஆனால் சேர்ந்து எதையும் சொல்லவில்லை. பாதங்களிலும் ஒரு விஷயம் கவனிக்கலாம். பழைய அரசு காலத்து உருவங்களில் இரண்டு பாதமும் உட்புறம் தெரியும்படி, கட்டைவிரல் மட்டும் முன்னால் இருக்கும். இங்கே ஐந்து விரலையும் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். புடைப்பும் 9 மி.மீ. ஆழம், மற்றவற்றில் 3 முதல் 4. ஆழம் கூடினால் உயிர் கூடும் என்று நினைத்திருக்கிறார்கள். கார்னிஸ் வேலையின் கைப்பழக்கம். இதை ஹோட்டல் சுவரில் மாட்டலாம், தெரிந்தவர் வீட்டில் மாட்டினால் சங்கடம்.

உலோகப் பலகைக்குக் கொஞ்சம் பேச்சு தேவை. மெரெருக்கா கல்லறையில் உருக்குபவர்கள் மூசையை (உலோகம் உருக்கும் கிண்ணம்) சுற்றி உட்கார்ந்து நீளக் குழாயால் ஊதுகிறார்கள். நாணல் குழாய், முனையில் மண் பூசியது, இல்லாவிட்டால் தீயில் எரிந்துவிடும். சௌகார்பேட்டை நகைப் பட்டறைகளில் ஊதுகுழல் பார்த்தவர்களுக்கு அந்தக் கன்னம் உப்பிய முகம் பழகியதுதான். பக்கத்தில் தராசில் உலோகம் நிறுப்பதையும் எழுத்தர் அதைக் குறித்துக்கொள்வதையும் காட்டியிருக்கிறார்கள். குள்ளமான பொற்கொல்லர்கள் அகன்ற கழுத்தணிகளைச் சரிபார்க்கிறார்கள். எல்லாம் மூலத்தில் உள்ளது, செதுக்கலும் தெளிவு. ஆனால் நடுவில் ஒருவர் காலால் மிதிக்கும் துருத்தியைப் போட்டிருக்கிறார்கள். மிதி துருத்தி வருவது பல நூற்றாண்டு கழித்து, புதிய அரசு காலத்தில். அந்தக் காலத்து அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறையில் அதைப் பார்க்கலாம், அதுவும் செதுக்கல் இல்லை, ஓவியம். யாரோ இரண்டு படத்தைப் பார்த்து ஒன்றாக்கிவிட்டார்கள்.

இன்னொரு கோளாறு: இந்தக் காட்சியின் சிஎன்சி கோப்பை உருவங்களுக்கு மட்டும் இடம் வலமாகத் திருப்பியிருக்கிறார்கள், எழுத்தை விட்டுவிட்டார்கள். எகிப்திய எழுத்து இரண்டு திசையிலும் வரும், அதில் தப்பில்லை. ஆனால் ஒருவரின் தலைக்கு மேலுள்ள எழுத்தில் பறவையும் ஆளும் எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கிறதோ, அந்த ஆளும் அதே பக்கம்தான் பார்க்க வேண்டும். இதில் உருக்குபவர் இடப்பக்கம், எழுத்து வலப்பக்கம். கல் பலகையில் மட்டும்தான் இந்தக் கோளாறு, பிளாஸ்டரில் இல்லை. ஆகவே பிளாஸ்டரில் வாங்குங்கள். துருத்திக்காரர் பகுதியை உளியால் மழித்துவிட்டு வெற்றிடமாகவே தரச் சொன்னால் 200 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாம்.

செய்முறைப் பலகை 90 × 20 செ.மீ., விலை 2,800. பள்ளிக்கும் சிற்பம் கற்பவர்களுக்கும் இதைத்தான் பரிந்துரைக்கலாம். இடது ஓரத்தில் செங்காவிக் கோட்டில் முதல் வரைவு, அடுத்தது அதன்மேல் தலைமை வரைஞர் கருப்பில் போட்ட திருத்தம். பிறகு உருவத்தின் விளிம்பு உளியால் வெட்டியிருக்கிறது, அடுத்த பகுதியில் பின்புலம் சில மில்லிமீட்டர் தாழ்கிறது, அதற்கப்புறம் விளிம்புகள் உருண்டு தசையும் துணி மடிப்பும் வருகின்றன, கடைசியில் மணற்கல்லால் தேய்த்து மெல்லிய ஜிப்சப் பூச்சின் மேல் வண்ணம். இந்த வரிசைக்குச் சான்று கற்பனை இல்லை. ப்தாஹோதெப் கல்லறையின் நடைபாதையில் வேலை பாதியில் நின்றுபோன சுவர் இன்னும் இருக்கிறது. அங்கேயே நியான்க்-ப்தா என்ற தலைமைச் சிற்பி படகில் உட்கார்ந்து பானம் குடிப்பதுபோலத் தன்னையும் சுவரில் சேர்த்துக்கொண்டார். மேஸ்திரிகள் எல்லாக் காலத்திலும் மேஸ்திரிகள்தான். பலகையில் ஒரே குறை, முதல் வரைவில் 18 கட்டம் போட்டிருப்பது. அது பின்னால் வந்த முறை. கற்றுக்கொடுப்பவர் வாயால் சொல்லிச் சரிசெய்துகொள்ளலாம்.

எந்தப் பொருளில் வாங்குவது? நம் பக்கத்துக் காற்றைப் பொறுத்தது. காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் கடலோர வீடுகளில் சுவர் உப்பு பூக்கிறது. பிளாஸ்டரும் சுண்ணாம்புக்கல்லும் நீரை உறிஞ்சும். உப்புத் தண்ணீர் உள்ளே போய்க் காய்ந்தால் உப்பு படிகமாகி மேல்தோலைத் தள்ளிவிடும். எகிப்தில் பல புடைப்புச் சிற்பங்கள் அழிவதற்கும் இதே உப்புதான் காரணம். அதனால் பலகையைச் சுவரோடு ஒட்டாமல், நாலு மூலையிலும் ஒரு செ.மீ. இடைவெளி விட்டு, எஸ்எஸ் ஸ்குரூவில் மாட்டுங்கள். பட்டறை பின்பக்கம் ஜிஐ கம்பிக் கொக்கி வைத்து வார்க்கிறது. ஆர்டர் கொடுக்கும்போதே எஸ்எஸ் கொக்கி கேளுங்கள். ஜிஐ கம்பி துருப்பிடித்து வீங்கினால் பலகை பின்னாலிருந்து விரிசல் விடும், முன்னால் தெரியும்போது காலம் கடந்திருக்கும். வலுவுக்கு உள்ளே சாக்குத் துணி போடுகிறார்கள், அது நல்லதுதான்.

வெளிச்சுவருக்கு ஜிஆர்சி. விளிம்புகள் கொஞ்சம் மழுங்கும், மீனின் செதில் பாதி போய்விடும். வெளிச்சுவர்களில் எகிப்தியர்கள் பெரும்பாலும் உருவத்தைச் சுவர் மட்டத்துக்குக் கீழே குழித்துச் செதுக்கினார்கள், வெயிலில் அது கூர்மையான நிழல் தரும், விளிம்பும் உடையாது. அந்த வகை இங்கே இல்லை. கல் பலகை 18 கிலோ, பிளாஸ்டர் 7. சிஎன்சி வெட்டில் 2 மி.மீ. உருண்டை முனை பிட் போடுவதால் உள்மூலைகள் எல்லாம் வளைந்துவிடும், தண்ணீரைக் காட்டும் நெளிகோடுகள் கூர்மை இல்லாமல் அலைபோல ஆகிவிடும். கையால் ஓர் உளி ஓட்டினால் சரியாகும், ஆனால் அந்த வேலை விலையில் சேரவில்லை. 11,500 கொடுத்து அரைகுறையாக வாங்குவதைவிட 3,200-க்கு பிளாஸ்டர் மேல்.

பினிஷிங் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். "அண்ணா, பச்சையாவே குடுங்க" என்றால் புரிந்துகொள்வார்கள். அவர்கள் வழக்கமாகப் பூசும் பித்தளைப் பொடி கலந்த வார்னிஷ் கண்ணிகளை அடைத்துவிடும், நிறமும் எகிப்துக்குச் சம்பந்தமில்லாதது. நிறம் வேண்டுமென்றால் நீங்களே அடியுங்கள்: ஆண்களுக்குச் செங்காவி, பெண்களுக்கு மஞ்சள் காவி, முடிக்கு விளக்குக்கரி, துணிக்கு வெள்ளை. கருவேலம் பிசினைக் கரைத்துப் பைண்டராகச் சேர்த்தால் போதும். பலகை முழுக்கக் காய்ந்த பிறகு அடியுங்கள், ஈரத்தில் எனாமல் பூசினால் கொப்புளம் வரும்.

மாட்டும் இடத்தில் விளக்கு எங்கே என்பதை முதலில் பாருங்கள். 4 மி.மீ. புடைப்பு எதிரில் உள்ள டியூப் லைட்டில் தட்டையாகிவிடும். பக்கவாட்டிலோ மேலிருந்தோ சுவரை உரசும்படி வெளிச்சம் விழ வேண்டும். பட்டறையிலும் டியூப் லைட்தான், ஆகவே போன் டார்ச்சைப் பலகையின் இடது விளிம்பில் சாய்த்துப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். உடைசல், குமிழி, ஒட்டுக்கோடு எல்லாம் அப்போதுதான் தெரியும்.

குட்டியானையில் ஏற்றும்போது பலகையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, நடுவில் சாக்கு வைத்துக் கட்டச் சொல்லுங்கள். படுக்க வைத்தால் வேகத்தடையில் நடுவில் முறியும். பாதி முன்பணம் வாங்குகிறார்கள், கையால் எழுதிய ரசீது தருகிறார்கள், ஜிஎஸ்டி பில் கேட்டால் தனியாகப் போட்டுத் தருகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆர்டர் கொடுக்காதீர்கள். மழைக்காலத்தில் வார்ப்பு உள்ளே காயாது, மேல் மட்டும் காய்ந்ததைக் காய்ந்ததாக நினைத்துக் கொடுத்துவிடுவார்கள். பங்குனி முதல் ஆனி வரை நல்ல நேரம். மற்ற மாதங்களில் வாங்கினால் பலகையின் பின்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, இன்னும் ஒரு வாரம் அங்கேயே இருக்கட்டும்.